டெம்ப்ளேட்டில் ஒரு எண், தரையில் ஆறு ஏக்கர்

கேட்பதற்காகப் பேசிய எபிசோடின் எழுத்து வடிவம் இது. வாசிக்க வசதியாகச் சில இடங்கள் மட்டும் திருத்தப்பட்டுள்ளன.

இன்னிக்கு எபிசோடு ரோட்டோட ஓரத்தைப் பற்றி.

வெளியூர் போற பஸ்ல ஜன்னல் சீட் கிடைச்சா நாம எல்லாரும் தூரத்தைத்தான் பார்ப்போம். மலை, பனைமரம், காற்றாலை. அடுத்த தடவை கொஞ்சம் கிட்டப் பாருங்க. தார் முடியுற இடத்துல ஒரு ஷோல்டர் இருக்கும். அதுக்கு வெளியே தரை கீழே சரியும், இல்லைன்னா மேலே ஏறும். ஏறுற இடமா இருந்தா நடுவுல ஒரு வாய்க்கால் ஓடும். அந்தச் சரிவு எவ்வளவு செங்குத்தா இருக்கணும், வாய்க்கால் எவ்வளவு ஆழம், அது எங்கே போய் முடியணும், இதையெல்லாம் யாரோ ஒருத்தர் முடிவு பண்ணியிருக்காங்க. இப்போ அந்த முடிவு பெரும்பாலும் கம்ப்யூட்டர் திரையில, ஒரு சின்னப் பெட்டிக்குள்ள, நாலஞ்சு எண்களா உட்கார்ந்திருக்கு. அந்தப் பெட்டிக்குப் பேர்தான் டெம்ப்ளேட்.

ரோடு டிசைன் ஆபீஸ்ல புதுசா சேர்ற பசங்க கேட்கிற கேள்வி ஒண்ணு உண்டு. "சரிவுக்கும் டிட்ச்சுக்கும் டிஃபால்ட்டா வர்ற எண்ணையே விட்டுடலாமா சார்?" நியாயமான கேள்விதான். அவ்வளவு பெரிய மென்பொருள் கம்பெனி தெரியாமலா போட்டிருப்பாங்க? இன்னிக்குப் பேசப்போறது எல்லாமே இந்த ஒரு கேள்விக்கான பதில். சிவில் படிக்காதவங்களும் தைரியமா கேளுங்க. கூட்டல், பெருக்கல் தெரிஞ்சா போதும்.

முறுக்கு அச்சு

சிவில் 3டி, ஓப்பன்ரோட்ஸ் மாதிரி எந்த மென்பொருளை எடுத்தாலும் ஒரு ரோட்டுக்கு மூணு விஷயம் வேணும். ஒண்ணு, மேலிருந்து பார்த்தா ரோடு எப்படி வளையுதுங்கிற கோடு. அது அலைன்மென்ட். ரெண்டு, பக்கத்துல இருந்து பார்த்தா எப்படி ஏறி இறங்குதுங்கிற கோடு. அது புரொஃபைல். மூணாவது, ரோட்டைக் கத்தியால குறுக்கே வெட்டினா தெரியுற வடிவம். அதுதான் டெம்ப்ளேட். சிவில் 3டியில அசெம்பிளின்னு சொல்வாங்க, ஓப்பன்ரோட்ஸ்ல டெம்ப்ளேட்னே பேர்.

முறுக்கு அச்சை நினைச்சுக்கோங்க. அச்சுல ஓட்டை எந்த வடிவமோ, மாவு அதே வடிவத்துல நீளமா வரும். மென்பொருளும் அப்படித்தான். டெம்ப்ளேட்டை அந்தக் கோடுகள் மேல இழுத்துக்கிட்டே போகுது, பின்னாடி ரோடு வருது. லேன் 3.5 மீட்டர், குறுக்குச் சாய்வு 2.5 சதவீதம், ஷோல்டர் இவ்வளவு அகலம்னு இந்தப் பகுதி வழி முழுக்க ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஆனா இந்த அச்சோட ஓரம் மட்டும் விசித்திரமானது. அது தரையைப் பார்த்துப் பார்த்துத் தன் வடிவத்தை மாத்திக்கும். ஏன்னா அதுக்குள்ள இருக்கிறது ஒரு விதி. அதைத் தமிழ்ல சொன்னா இப்படி வரும். "ஷோல்டர் முனையில நின்னு வெளியே பாரு. தரை கீழே இருந்தா, இந்தச் சரிவுல இறங்கி, தரையைத் தொடுற வரைக்கும் போ. தரை மேலே இருந்தா, முதல்ல இறங்கி ஒரு வாய்க்கால் வெட்டு, அப்புறம் இந்தச் சரிவுல ஏறி, தரையைத் தொடு." முதல் வகைக்கு ஃபில், அதாவது மண் கொட்டி உயர்த்துறது. ரெண்டாவதுக்குக் கட், அதாவது வெட்டுறது. கோடு தரையைத் தொடுற இடத்துக்கு டேலைட்னு பேர். வெட்டின மண்ணுக்குள்ள இருந்து கோடு வெளிச்சத்துக்கு வர்ற இடம்னு வச்சுக்கலாம்.

மென்பொருள் இந்த விதியைப் பத்து மீட்டருக்கு ஒரு தடவை ஓட்டிப் பார்க்குதுன்னு வைங்க. 10 கிலோமீட்டர் ரோட்டுக்கு ஆயிரம் குறுக்குவெட்டு. ரெண்டு பக்கமும் சேர்த்தா ரெண்டாயிரம் தடவை அந்த விதி ஓடுது. நீங்க எழுதினது ஒரே தடவை. அது ரெண்டாயிரம் இடத்துல உங்களைக் கேட்காமலே முடிவு எடுக்குது. அதனாலதான் அந்தப் பெட்டியில இருக்கிற எண்ணைப் பற்றி ஒரு எபிசோடே பேச வேண்டியிருக்கு.

ஆறு ஏக்கர் கணக்கு

முதல்ல சரிவை எப்படி எழுதுறாங்கன்னு பார்த்துடுவோம். பக்கவாட்டுல நாலு மீட்டர் போனா ஒரு மீட்டர் இறங்குது. இதை நான் இன்னிக்கு "நாலுக்கு ஒண்ணு"ன்னு சொல்றேன். ரெண்டு மீட்டர் போறதுக்குள்ளயே ஒரு மீட்டர் இறங்கினா "ரெண்டுக்கு ஒண்ணு", அது செங்குத்தா இருக்கும். கோணத்துல சொன்னா நாலுக்கு ஒண்ணு சுமார் 14 டிகிரி, ரெண்டுக்கு ஒண்ணு சுமார் 27 டிகிரி.

இங்கேயே ஒரு கண்ணி இருக்கு. சில வரைபடத்துல 2:1னு எழுதுவாங்க, சிலதுல 1:2னு எழுதுவாங்க. ரெண்டும் ஒரே சரிவைத்தான் சொல்ல வருது, எந்தப் பக்கம் படுக்கை, எந்தப் பக்கம் உயரம்ங்கிறதுதான் வித்தியாசம். மென்பொருள்லயும் இதுக்கு ஒரு செட்டிங் இருக்கு. படுக்கை முதல்ல வரும்னு செட்டிங் இருக்கும்போது நீங்க 1:2னு அடிச்சா, 27 டிகிரி சரிவு 63 டிகிரி சுவராயிடும். மண்ணு அப்படி நிக்காது. ஆனா திரையில அழகா நிக்கும். அதனால எந்த ஃபைலைத் திறந்தாலும் முதல் வேலையா இந்த செட்டிங்கைப் பாருங்க.

இப்போ கணக்குக்கு வருவோம். ஒரு மேம்பாலத்துக்கு ஏறுற இடத்துல ரோடு தரையை விட 6 மீட்டர் உயரம்னு வைங்க, ஏறத்தாழ ரெண்டு மாடி உயரம். ரெண்டுக்கு ஒண்ணு சரிவு போட்டா, ஷோல்டர் முனையில இருந்து சரிவோட அடி 12 மீட்டர் தள்ளி விழும். நாலுக்கு ஒண்ணு போட்டா 24 மீட்டர். ஒரு பக்கத்துக்கு 12 மீட்டர் அதிகம், ரெண்டு பக்கமும் சேர்த்து 24 மீட்டர். இதே உயரம் ஒரு கிலோமீட்டருக்கு இருந்தா 24,000 சதுர மீட்டர். கிட்டத்தட்ட ஆறு ஏக்கர்.

மண்ணுக்கும் கணக்குப் போடலாம். சரிவுப் பகுதி ஒரு முக்கோணம். ரெண்டுக்கு ஒண்ணுல அதோட பரப்பு 36 சதுர மீட்டர், நாலுக்கு ஒண்ணுல 72. ரெண்டு பக்கமும் சேர்த்து, ஒரு கிலோமீட்டருக்குக் கூடுதல் மண் 72,000 கன மீட்டர். ஒரு டிப்பருக்கு 12 கன மீட்டர்னு வச்சா ஆறாயிரம் லோடு. அந்த மண்ணும் எங்கேயாவது ஒரு இடத்துல இருந்து வெட்டித்தானே வரணும்?

2 இருந்த இடத்துல 4 அடிச்சோம், அவ்வளவுதான். ஒரு கிலோமீட்டருக்கு ஆறு ஏக்கரும் ஆறாயிரம் லோடு மண்ணும் போகுது. புதுசா நிலம் எடுக்கிற இடமா இருந்தா, சரிவோட அடி எங்கே விழுதோ அதுக்கு வெளியே கொஞ்சம் விட்டுத்தான் எல்லை போடுவாங்க. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒருத்தரோட கிணறு, அந்தப் பக்கம் இன்னொருத்தரோட தென்னந்தோப்பு.

அப்போ ரெண்டுக்கு ஒண்ணே போட்டுடலாமே, ஏன் யோசிக்கணும்? இதுக்குப் பதில் அமெரிக்காவுல ஒரு கார் கம்பெனியோட சோதனை மைதானத்துல இருக்கு.

ஓடிப்போற கார்

மிச்சிகன் மாநிலம் மில்ஃபோர்டுல ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியோட சோதனைத் தடம் இருக்கு. எதிர்ல வண்டி வராது, குறுக்கே யாரும் வரமாட்டாங்க, ஓட்டுறவங்க எல்லாம் பயிற்சி பெற்ற ஓட்டுநர்கள். அப்படி இருந்தும் கார்கள் தடத்தை விட்டு வெளியே போய்க்கிட்டுத்தான் இருந்துச்சு. அங்கே வேலை பார்த்த கென்னத் ஸ்டோனெக்ஸ் என்ற பொறியாளர் வேற பக்கம் யோசிச்சார். கார் வெளியே போகத்தான் போகுது, போனா என்ன ஆகுதுன்னு பார்ப்போம்னு. ஓரத்துல இருந்த மரங்களையும் மற்ற தடைகளையும் எடுத்தாங்க. சரிவுகளைத் தட்டையாக்கினாங்க. வாய்க்கால்களை வளைவா, வண்டி ஏறி இறங்குற மாதிரி மாத்தினாங்க. 1960-ஐ ஒட்டி அவர் இதைப் பொறியாளர்கள் மத்தியில எடுத்துச் சொன்னார்.

அந்த அனுபவத்துல இருந்து வந்த ஒரு கணக்கு இன்னிக்கும் பாடப்புத்தகத்துல இருக்கு. ரோடு ஓரத்துல 30 அடி, அதாவது சுமார் 9 மீட்டர் தடையில்லாம விட்டா, கட்டுப்பாடு இழந்து வெளியே போற வண்டிகள்ல சுமார் 80 சதவீதம் தப்பிச்சுடும். 1967-ல அமெரிக்க மாநில நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கம் வெளியிட்ட பாதுகாப்புப் புத்தகத்துல இந்த 30 அடி இடம்பிடிச்சுது. ஓட்டுநர் தப்பு பண்ணினாலும் ரோடு மன்னிக்கணும்ங்கிற எண்ணம் அங்கிருந்துதான் வளர்ந்தது.

அதே சங்கம் இன்னிக்கு ஆஷ்டோங்கிற பேர்ல வெளியிடுற ரோட்டோர வடிவமைப்பு வழிகாட்டி, கரைச் சரிவுகளை மூணா பிரிக்குது. நாலுக்கு ஒண்ணு, இல்லை அதை விடத் தட்டையா இருந்தா, ஓட்டுநர் வண்டியை நிறுத்தவோ திருப்பிக் கொண்டுவரவோ முடியும். மூணுக்கு ஒண்ணுக்கும் நாலுக்கு ஒண்ணுக்கும் நடுவுல இருந்தா, வண்டி கவிழாம இறங்கும், ஆனா திரும்பி வராது. சரிவோட அடி வரைக்கும் போய்த்தான் நிக்கும், அதனால அங்கேயும் காலி இடம் வேணும். மூணுக்கு ஒண்ணை விடச் செங்குத்தா இருந்தா வண்டி உருண்டு கவிழ வாய்ப்பு அதிகம். அங்கே தடுப்புக்கம்பி வைக்கலாமான்னு யோசிக்கணும்.

இப்போ அந்தப் பெட்டியில இருக்கிற எண்ணைத் திரும்பிப் பாருங்க. 4னு போட்டா தூக்கக் கலக்கத்துல ஓரம் போற ஓட்டுநருக்கு ஒரு வாய்ப்பு. 2னு போட்டா பக்கத்து வயல்காரருக்கு நிலம் மிச்சம். ரெண்டு பேரும் அந்தத் திரை முன்னாடி உட்கார்ந்து பேச முடியாது. அவங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து யோசிக்க வேண்டியது டெம்ப்ளேட் எழுதுறவர்தான்.

மூணாவதா மண்ணும் ஒரு கட்சி. ஏரிக்கரையில நடந்தவங்களுக்குத் தெரியும், கொட்டி மிதிச்ச மண்ணு ஒரு அளவுக்கு மேல செங்குத்தா நிக்காது. ஒன்றரைக்கு ஒண்ணு சரிவு கிட்டத்தட்ட 34 டிகிரி. காய்ஞ்ச மணலைக் குவிச்சா ஏறத்தாழ அந்தக் கோணத்துலதான் நிக்கும். மழைல நனைஞ்சா நிலைமை இன்னும் மோசம். உயரமான கரைகளுக்குன்னே நம்ம நாட்டுல ஐ.ஆர்.சி. 75 என்ற தனி நெறிமுறை இருக்கு. அங்கே மண்ணைச் சோதிச்சு, வழுக்கு வட்டம் போட்டுக் கணக்குப் பார்த்துத்தான் சரிவை முடிவு பண்ணணும். டெம்ப்ளேட் அந்தக் கணக்கைப் போடாது. நீங்க போட்ட கணக்கோட விடையை வாங்கி வரையும், அவ்வளவுதான்.

உயரம் மாறினா விதியும் மாறும்

இந்த இழுபறிக்கு நடைமுறைல ஒரு சமரசம் உண்டு. உயரம் குறைவா இருக்கிற இடத்துல சரிவைத் தட்டையா போடுறது, உயரம் கூடக் கூடச் செங்குத்தாக்கித் தடுப்புக்கம்பி வைக்கிறது. சிவில் 3டியில இதுக்குன்னே ஒரு டேலைட் சப்-அசெம்பிளி இருக்கு. தட்டை, நடுத்தரம், செங்குத்துன்னு மூணு சரிவு, ஒவ்வொண்ணும் எந்த உயரம் வரைக்கும்னு எல்லை. ஓப்பன்ரோட்ஸ்ல எண்ட் கண்டிஷன்னு சொல்வாங்க. முதல் விதியை ஓட்டிப் பார்க்கும், பொருந்தலைன்னா அடுத்த விதிக்குப் போகும்.

ஒரு உதாரணம் சொல்றேன். 3 மீட்டர் உயரம் வரைக்கும் மூணுக்கு ஒண்ணு, அதுக்கு மேல ரெண்டுக்கு ஒண்ணுன்னு விதி வச்சாச்சு. ஒரு குறுக்குவெட்டுல உயரம் சரியா 3 மீட்டர். சரிவோட அடி 9 மீட்டர்ல விழும். பத்து மீட்டர் தள்ளி அடுத்த குறுக்குவெட்டுல உயரம் 3.05 மீட்டர். அங்கே அடி 6.1 மீட்டர்ல. உயரம் அஞ்சு சென்டிமீட்டர்தான் கூடியிருக்கு, ஆனா கரையோட அடி கிட்டத்தட்ட மூணு மீட்டர் உள்ளே குதிச்சுடுச்சு.

ரெண்டு குறுக்குவெட்டும் தனித்தனியாச் சரி. மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராது. ஆனா மேலிருந்து பார்த்தா கரையோட அடிக்கோடு ரம்பப் பல் மாதிரி இருக்கும். சைட்டுல எக்ஸ்கவேட்டர் ஓட்டுறவர் அப்படிக் கட்ட மாட்டார், அவர் கண்ணுக்குச் சரியாத் தெரியுற மாதிரி இழுத்துவிட்டுடுவார். அப்போ டிசைன் பண்ணினது யாரு? அதனால எல்லை உயரத்தை ஒட்டி ஒரு மாறுபகுதி வைக்கணும். 30, 40 மீட்டர் நீளத்துல சரிவு 3-ல இருந்து 2-க்கு மெல்ல மாறணும். தடுப்புக்கம்பியும் அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே ஆரம்பிக்கணும்.

வாய்க்காலுக்குத் தனி மனசு

இனி டிட்ச். டெம்ப்ளேட்ல வாய்க்காலுக்கு வழக்கமா நாலு எண் இருக்கும். ரோட்டுப் பக்கச் சரிவு, அடி அகலம், ஆழம், மறுபக்கச் சரிவு. இதுல ரோட்டுப் பக்கச் சரிவு நாம இப்போ பேசின அதே கார் விஷயம்தான். குறுகலா, செங்குத்தா வெட்டின வாய்க்கால்ல சக்கரம் மாட்டினா வண்டி குட்டிக்கரணம் போடும்.

ஆழத்தைப் பார்ப்போம். தாருக்குக் கீழே ஜல்லி அடுக்கு எல்லாம் சேர்த்து 60 சென்டிமீட்டர் கனம்னு வைங்க. டெம்ப்ளேட்ல டிட்ச் ஆழம் 45 சென்டிமீட்டர்னு இருக்கு. அப்போ வாய்க்காலோட அடி, ஜல்லியோட அடியை விட மேலே நிக்குது. ஜல்லிக்குள்ள இறங்கின தண்ணி வெளியே வர வழியில்லை. வாய்க்கால் நிறைஞ்சா தண்ணி தலைகீழா ரோட்டுக்கு அடியில போகும். அதுக்கு அப்புறம் நாம குழியைப் பார்த்து ஒப்பந்ததாரரைத் திட்டுவோம். வாய்க்காலோட அடி ஜல்லி அடுக்குக்குக் கீழே இருக்கணும், அதுதான் முதல் விதி.

அடுத்தது இன்னும் நுட்பமானது. டெம்ப்ளேட்ல ஆழம் ஷோல்டர் முனையில இருந்து அளக்கப்படுது. அப்படின்னா வாய்க்கால் ரோட்டோட நிழல் மாதிரி. ரோடு ஏறினா அதுவும் ஏறும், ரோடு சமமாப் போனா அதுவும் சமமாப் போகும். காருக்குச் சமமான ரோடு சுகம். தண்ணிக்குச் சமமான வாய்க்கால் குட்டை.

எண்ணை வச்சுப் பார்ப்போம். அடி அகலம் அரை மீட்டர், ஆழம் அரை மீட்டர், ரெண்டு பக்கமும் ரெண்டுக்கு ஒண்ணு சரிவு. இதோட பரப்பு 0.75 சதுர மீட்டர். மேனிங் சமன்பாட்டுல மண் வாய்க்காலுக்குச் சொரசொரப்பு எண் 0.03னு போடுங்க. நீளவாட்டுச் சரிவு 0.5 சதவீதமா இருந்தா, வாய்க்கால் நிறைஞ்சு ஓடும்போது வேகம் நொடிக்கு ஒரு மீட்டர், நல்ல வேகம். ஓடுற தண்ணி நொடிக்கு 0.75 கன மீட்டர், அதாவது 750 லிட்டர். மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்துல மழை பெய்யுது, பெய்யுறதுல 60 சதவீதம் வழிஞ்சு வருதுன்னா, நாலரை ஹெக்டேர்ல இருந்து வர்ற தண்ணிக்கு இது விளிம்பு வரைக்கும் சரியா இருக்கும்.

இதே வாய்க்கால், இதே டெம்ப்ளேட். ரோடு 5 சதவீதம் இறங்குற இடத்துக்குப் போங்க. நிறைஞ்சு ஓடும்போது வேகம் நொடிக்கு மூணு மீட்டரைத் தாண்டும். வெறும் மண்ணு அதைத் தாங்காது, அரிச்சுக்கிட்டே போகும். அங்கே கல் பதிக்கணும், இல்லை கான்கிரீட் போடணும், இல்லை படி படியா இறக்கணும். ரோடு சமமா இருக்கிற இடத்துல தண்ணி நகரவே நகராது. கொசு வளரும், கரை ஊறும். மூணு இடத்துலயும் குறுக்குவெட்டு ஒரே மாதிரிதான் தெரியும், ஒரு குறையும் கண்ணுல படாது.

வளைவுல வேற ஒரு விளையாட்டு நடக்கும். வளைவுக்காக ரோட்டை உள்பக்கம் சாய்ப்போம். ரெண்டு லேன் ரோட்டுல 2.5 சதவீதம் இருந்த சாய்வு 7 சதவீதம் ஆனா, நடுக்கோட்டை வச்சுத் திருப்பும்போது உள்பக்க விளிம்பு 16 சென்டிமீட்டர் இறங்கும். வாய்க்காலும் கூடவே இறங்கி, வளைவு முடிஞ்சதும் திரும்ப ஏறும். சமதரை ரோடா இருந்தா வளைவுக்குள்ள ஒரு பள்ளம் ரெடி. தண்ணி அங்கேயே தங்கும்.

இதுக்கெல்லாம் ஒரே மருந்து, வாய்க்காலுக்குத் தனியா ஒரு புரொஃபைல் கொடுக்கிறது. வாய்க்காலோட அடி இந்த இடத்துல இந்த மட்டம்னு தனிக்கோடு வரைஞ்சு, டெம்ப்ளேட்டை அதைப் பின்பற்றச் சொல்லணும். மென்பொருள்ல டார்கெட்னு ஒரு வசதி இதுக்காகவே இருக்கு. வாய்க்கால் ரோட்டை விட்டுட்டுத் தண்ணி சொல்றதைக் கேட்கும்.

கட்-ல இருந்து ஃபில்லுக்கு மாறுற இடத்தையும் கவனிங்க. விதிப்படி கட்-ல வாய்க்கால் உண்டு, ஃபில்ல இல்லை. அப்போ அந்த எல்லையில வாய்க்கால் திடீர்னு முடியும். அதுவரைக்கும் அரை கிலோமீட்டர் தண்ணியைச் சேர்த்துக்கிட்டு வந்தது, முடியுற இடத்துல எல்லாத்தையும் புதுசாக் கொட்டின கரை மேல விட்டுடும். முதல் பெரிய மழைக்கே கரையில பிளவு விழ வாய்ப்பு இருக்கிற இடம் அதுதான். வாய்க்காலை அங்கிருந்து வெளியே திருப்பி, ஒரு கல்வெர்ட்டுக்கோ ஓடைக்கோ கொண்டுபோய்ச் சேர்க்கணும். ரோடு தரை மட்டத்தை ஒட்டியே போற இடத்துல, ஒரு குறுக்குவெட்டு கட், அடுத்தது ஃபில், அதுக்கு அடுத்தது கட்னு மாறி மாறி வரும். வாய்க்கால் விட்டு விட்டு வரும். அங்கே உயரம் குறைந்த ஃபில்லுக்கும் வாய்க்கால் உண்டுன்னு விதியில எழுதிட்டாப் போதும்.

தரையைத் தொடாத கோடு

கடைசியா மலைச்சரிவு. சமதரையில 3 மீட்டர் உயரத்துக்கு ரெண்டுக்கு ஒண்ணு போட்டா அடி 6 மீட்டர்ல விழும். இப்போ தரையே கீழ்நோக்கி இரண்டரைக்கு ஒண்ணுன்னு சரியுதுன்னு வைங்க. கரைக்கோடு இறங்குது, தரையும் கூடவே ஓடி இறங்குது. ரெண்டும் சந்திக்கிறப்போ 30 மீட்டர் ஆயிடும். மேல 3 மீட்டர் கனம், கீழே போகப் போகத் தோசை ஓரம் மாதிரி மெலிஞ்ச மண். மலைச்சரிவுல இப்படி ஒட்டவச்ச மண்ணு மழைல அப்படியே வழுக்கும். தரை ரெண்டுக்கு ஒண்ணோ அதை விடச் செங்குத்தாவோ இருந்தா, கோடு தரையைத் தொடவே தொடாது.

மென்பொருள் இங்கே என்ன பண்ணும்? அடுத்த விதி இருந்தா அதுக்குப் போகும், இல்லைன்னா அந்தப் பக்கத்தைத் திறந்தபடி விட்டுடும். கடைசி விதியா ஒரு தாங்குசுவர் வைக்கலாம். இத்தனை மீட்டருக்குள்ள தரை கிடைக்கலைன்னா சுவர்னு. ஆனா அப்படி வச்சா, மலையில எங்கெங்கே சுவர் வரணும்ங்கிற கோடிக்கணக்கான ரூபாய் முடிவை ஒரே ஒரு அகல எண்ணு எடுக்குது. சுவரைக் கட்டலாமா, ரோட்டையே ரெண்டு மீட்டர் மலைப் பக்கம் நகர்த்தினா சுவரே வேண்டாமான்னு அந்த விதி யோசிக்காது. நீங்கதான் யோசிக்கணும்.

அப்போ டிஃபால்ட்டை விட்டுடலாமா?

அந்தப் பெட்டியில வர்ற டிஃபால்ட் எண் வேற யாரோ ஒருத்தரோட தரைக்கு, வேற மழைக்கு, வேற நில விலைக்குச் சரியா இருந்திருக்கலாம். உங்க தரைக்கு அது வெறும் ஆரம்பம். சிவில் படிக்கிறவங்களுக்குக் கல்விக்கான இலவச உரிமத்துல சிவில் 3டி கிடைக்குது. ஒரு சின்ன ரோட்டை வரைஞ்சு, நான் சொன்ன எண்களை நீங்களே மாத்திப் பாருங்க.

வேலைல இருக்கிறவங்களுக்கு ஒரு பழக்கம் சொல்றேன். ஆயிரம் குறுக்குவெட்டையும் பார்க்க நேரம் இருக்காது, உண்மைதான். அஞ்சு இடத்தை மட்டும் திறந்து பாருங்க. கரை அதிக உயரமா இருக்கிற இடம். ஒரு விதி முடிஞ்சு அடுத்த விதி ஆரம்பிக்கிற இடம். கட் ஃபில்லா மாறுற இடம். வளைவோட உள்பக்கம். வாய்க்கால் முடியுற இடம். அப்புறம் சரிவோட அடிக்கோட்டை மட்டும் தனியா எடுத்து, செயற்கைக்கோள் படத்து மேல போட்டுப் பாருங்க. எந்தக் கிணறு மேல போகுது, எந்த வீட்டுத் திண்ணையைத் தொடுது, எந்த வயல் வாய்க்காலை மறிக்குதுன்னு தெரியும். முடிஞ்சா ஒரு நாள் சைட்டுக்குப் போய் அந்தக் கோட்டுல நடந்து பாருங்க.

பார்த்துட்டு, இங்கே நாலு, இங்கே ரெண்டு, இங்கே தடுப்புக்கம்பின்னு நீங்க முடிவு பண்ணினா, ஏன் அப்படிப் பண்ணினீங்கன்னு பக்கத்துல ஒரு வரி எழுதி வையுங்க. அஞ்சு வருஷம் கழிச்சு அந்த ஃபைலைத் திறக்கிறவருக்கு எண்ணு மட்டும் தெரிஞ்சாப் பத்தாது, காரணமும் தெரியணும்.

அடுத்த எபிசோடுல கல்வெர்ட் பற்றிப் பேசுவோம். இன்னிக்கு வெளியே திருப்பிவிட்ட தண்ணி அங்கேதான் போய்ச் சேருது. உங்க ஊர்ப் பக்கம் ரோட்டோர வாய்க்கால் எங்கே போய் முடியுதுன்னு பார்த்து எழுதி அனுப்புங்க.